உயிரணுப் பிளவும் அதன் காவலும்

வளர்ந்த மனிதனின் உடலில் ஒவ்வொரு வினாடியும் இலட்சக்கணக்கான உயிரணுக்கள் பிளவுறுகின்றன. ஆயினும் எல்லா உயிரணுக்களும் ஒரே விதமாகப் பிளவுறுவதில்லை. குடலின் உட்பரப்பு சில நாட்களுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது. கல்லீரல் உயிரணுக்கள் பெரும்பாலும் ஓய்ந்திருந்து, சேதமுற்றால் விரைந்து பெருகுகின்றன. நரம்பு உயிரணுக்களோ பொதுவாகப் பிளவுறுவதேயில்லை. பிளவுறலாமா, எப்பொழுது பிளவுறுவது என்பதை உயிரணு எவ்வாறு முடிவு செய்கிறது?

பிளவு நான்கு கட்டங்களைக் கொண்டது. முதற் கட்டத்தில் உயிரணு வளர்கிறது, இரண்டாவதில் டி.என்.ஏ. இரட்டிக்கிறது, மூன்றாவதில் பிளவுக்கான ஆயத்தம் நிகழ்கிறது, நான்காவதில் குரோமோசோம்கள் சரிபாதியாகப் பிரிந்து, ஓர் உயிரணு இரண்டாகிறது. முதற் கட்டத்தின் இறுதியிலேயே முக்கிய முடிவு எடுக்கப்படுகிறது. போதிய ஊட்டம் உண்டா, வளருமாறு பிற உயிரணுக்களிடமிருந்து செய்தி வந்துள்ளதா, டி.என்.ஏ. பழுதின்றி உள்ளதா என்பவை அங்கு சோதிக்கப்படுகின்றன. அந்த எல்லையைக் கடந்த உயிரணு, பழுது ஏதும் நேராவிடில், பிளவை முடித்தே தீரும்.

இவ்வியக்கத்தின் விதிகள் எளிய உயிர்களிடமிருந்தே அறியப்பட்டன. லேலண்ட் ஹார்ட்வெல் 1970-களில் ஈஸ்டைக் கொண்டு, பிளவை நடத்தும் மரபணுக்களை இனங்கண்டார். 1982-இல் டிம் ஹன்ட், கடல் முள்ளெலியின் முட்டைகளில், ஒவ்வொரு பிளவிலும் பெருகி மறையும் ‘சைக்ளின்’ புரதத்தைக் கண்டறிந்தார். இது ஒரு நொதியுடன் இணைந்து அதைச் செயற்படுத்துகிறது. அந்நொதிக்குரிய மரபணு பழுதுற்ற ஈஸ்டில் மனித மரபணுவைச் செலுத்தியபோது ஈஸ்ட் மீண்டும் பிளவுற்றதை, 1987-இல் பால் நர்ஸ் குழுவினர் காட்டினர். மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உந்துவிசை மட்டும் போதாது, தடைக்கருவியும் வேண்டும். ‘ஆர்.பி.’ என்னும் புரதம் உரிய செய்தி வரும்வரை உயிரணுவை முதற் கட்டத்தில் நிறுத்தி வைக்கிறது. ‘பி-53’ என்னும் புரதம், டி.என்.ஏ. பழுதுற்றால் பிளவை நிறுத்துகிறது. பழுது மிகுந்தால் உயிரணுவை மடியச் செய்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் தாக்கப்படுபவை இவ்விரண்டுமே. மனித பாப்பிலோமா வைரசுக்கெனத் தனி இரட்டிப்புச் சாதனம் முழுமையாக இல்லை; ஆகவே ஓய வேண்டிய உயிரணுவை அது தொடர்ந்து இயங்கச் செய்கிறது. அதன் ஒரு புரதம் பி-53-ஐ அழிக்கிறது, மற்றொன்று ஆர்.பி.-ஐ முடக்குகிறது. பெரும்பாலான தொற்றுகள் தாமே நீங்கிவிடும். நிலைத்துவிட்ட தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன.

இந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பாகும். மாறுதலுற்ற திசுவில் உயிரணுக் கருக்கள் பெரியவையாய், நெருங்கியிருப்பதால், நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவினால் அவ்விடம் வெண்மையாகத் தெரியும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே குடிசைப் பகுதிகளில் இச்சோதனையை நடத்தினர். சோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேரும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது.

தடுப்பூசி தொற்றைத் தடுக்குமேயன்றி, வந்த தொற்றை நீக்காது. எனவே 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு அதை அளிப்பதே சிறந்தது. இந்தியாவில் தயாரான ‘செர்வாவாக்’ 2022-இல் அனுமதி பெற்றது. சிறுமியருக்குத் தடுப்பூசி, தாய்மாருக்குப் பரிசோதனை, குறை கண்டவர்க்கு உடனடிச் சிகிச்சை ஆகிய மூன்றும் ஒருங்கே நடைபெற வேண்டும். ஒன்று தவறினும் பயன் குன்றும்.