மருவூர்ப்பாக்கம்

ஆறு கடலொடு கலக்கும் இடத்தைப் புகார் என்று வழங்குவது பழந்தமிழ் மரபு. குடகு மலையில் தோன்றி, தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கலில் அருவியாய் வீழ்ந்து, சோழ நாட்டை வளம்படுத்திக் கீழ்த்திசை நோக்கிச் செல்லும் காவிரி, கடலிற் புகும் இடத்தே அமைந்திருந்தது சோழர்தம் துறைமுகப் பேரூர். காவிரிப்பூம்பட்டினம், புகார், பூம்புகார் என அதற்குப் பெயர் பல உண்டு. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் சிறியதொரு கடற்கரை ஊராய் விளங்கும் அது, ஒரு காலத்தில் உலக வணிகர் கூடிய பெருநகராகும். அந்நகரில் கடலை அடுத்திருந்த பகுதியே மருவூர்ப்பாக்கம். செல்வம் செழித்த அப்பாக்கத்தின் இயல்பையும் வரலாற்றையும் இங்குக் காண்போம்.

பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் சொல். சென்னை மாநகரில் சேப்பாக்கம் முதலிய பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. புகார் நகரம் இரு பாக்கங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது எனச் சிலப்பதிகாரம் செப்புகின்றது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். அதற்கு மேற்கே அமைந்தது பட்டினப்பாக்கம். இவ்விரண்டிற்கும் இடையே, மரங்களின் நிழலில், பகற்பொழுதில் வாணிகம் நிகழும் நாளங்காடி இருந்தது. இரண்டு ஊரார்க்கும் அது பொதுவாயிற்று.

மருவூர்ப்பாக்கத்துட் புகுவார் கண்ணுக்கு முதற்கண் தோன்றுவன மாடங்களே. மேலே கூரை வேயாத நிலாமுற்றங்களும், அருங்கலங்கள் நிறைந்த பண்டசாலைகளும், மானின் கண்போல் துளைத்த சாளரங்களையுடைய மாளிகைகளும் அங்கே நிரல்பட நின்றன. ஆற்று முகத்தை அடுத்து யவனர் இல்லங்கள் விளங்கின. யவனர் என்போர் கிரேக்கரும் உரோமருமாகிய மேலைநாட்டார். கடல் வாணிகத்தின் பொருட்டுத் தம் நாடு விட்டு வந்த வேறு பல நாட்டினரும், மொழியால் வேறுபட்டும் உள்ளத்தால் ஒன்றுபட்டு, நீர்க்கரையில் கலந்து வாழ்ந்தனர். பிற நாட்டாரை ஐயுற்று ஒதுக்கும் ஊரில் வாணிகம் வளராது என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

ஆயினும் மருவூர்ப்பாக்கம் மாளிகைகளால் மட்டும் ஆகியதன்று. சுண்ணமும் சாந்தும் பூவும் நறும்புகைப் பொருளும் விற்போர் ஒரு தெருவில் இருந்தனர். பட்டினும் மயிரினும் பருத்தி நூலினும் நுண்ணிய ஆடை நெய்வோர் மற்றொரு தெருவில் இருந்தனர். கூலம் குவித்த கடைகள் ஒருபுறம். அப்பமும் பிட்டும் மீனும் உப்பும் வெற்றிலையும் விற்போர் ஒருபுறம். கன்னாரும் கொல்லரும் தச்சரும் தட்டாரும் தோல்வினைஞரும் தையற்காரரும் தத்தம் தொழிலை அங்கே இயற்றினர். குழலும் யாழும் இசைக்கும் பாணரும் அப்பாக்கத்தவரே. இத்துணைத் தொழிலாளரையும் இளங்கோவடிகள் ஒருவர் பின் ஒருவராக எண்ணிக் காட்டுகின்றார். அரச வீதியும் பெருங்குடி வாணிகர் மாட வீதியும் பட்டினப்பாக்கத்தில் இருந்தன. செல்வர் பலர் உறைந்தது பட்டினப்பாக்கம். அச்செல்வம் கரையேறியதும் கைத்தொழிலால் உருப்பெற்றதும் மருவூர்ப்பாக்கம் எனலாம்.

அந்நகரின் செல்வப் பெருக்கைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் ஒரு சிறு நிகழ்ச்சியால் விளக்குகின்றார். முற்றத்தில் உலர்த்திய உணவைக் கோழி கவர வருகின்றது. அதனை விரட்ட விரும்பிய மகளிர், கல்லைத் தேடாமல், தம் காதில் அணிந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, சிறுவர் உருட்டி விளையாடும் முக்காற் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றதாம். புலவர் கூற்றில் புனைவு கலந்திருத்தல் இயல்பே. எனினும், வறியதோர் ஊரைப் பார்த்து இத்தகைய புனைவு எவர்க்கும் தோன்றாது அன்றோ!

இச்செல்வம் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து மட்டும் வந்ததன்று. குதிரைகள் கப்பலில் வந்தன. மிளகுப் பொதிகள் நிலவழியே வண்டியில் வந்தன. வடமலையிலிருந்து மணியும் பொன்னும், குடமலையிலிருந்து சந்தனமும் அகிலும், தென்கடலிலிருந்து முத்தும், கீழ்க்கடலிலிருந்து பவளமும், கங்கை நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் விளைபொருள்களும் வந்து குவிந்தன. இவ்வரவையும் செலவையும் புலவர் மழையோடு ஒப்பிடுகின்றார். மேகம் கடல்நீரை முகந்து மலையிற் பொழிகின்றது. மலையிற் பொழிந்த நீர் மீண்டும் கடலை அடைகின்றது. அதுபோலவே நீர்வழி வந்த பொருள் நிலத்தில் ஏறியது. நிலவழி வந்த பொருள் நீரிற் சென்றது.

இவ்வுவமையின் நுட்பம் கருதத்தக்கது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி போன்ற மலையூர்களில் பயிலும் மாணவருள் கடலைக் கண்ணாற் காணாதார் பலர் இருக்கலாம். துறைமுகத்துக்கும் தமக்கும் யாது தொடர்பு என அவர் எண்ணுதல் வேண்டா. மலையிற் சந்தனம் வெட்டியவனும், காட்டில் மிளகு பறித்தவனும், வயலில் நெல் விளைத்தவனும் இல்லையேல், மருவூர்ப்பாக்கத்து மாளிகை ஒன்றும் எழுந்திராது. துறைமுகத்தின் வேர் மலைவரை ஓடியிருந்தது.

அப்பொருள்கள் யாவற்றிற்கும் அரசின் ஆணைப்படி உல்கு, அதாவது சுங்கம், கொள்ளப்பட்டது. சுங்கம் கொள்வோர் சோம்பலின்றி உழைத்தனர். மூட்டைகளின்மேல் சோழர்தம் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டது. அரசின் காவல் அத்தகையது. வணிகரின் அறமோ அதனினும் சிறந்தது. நுகத்தடியின் நடுவே அமைந்த ஆணி இருபுறமும் சாயாது நிற்கும். அவ்வாணி போன்றது அவ்வணிகர் நெஞ்சம் என்கின்றது பட்டினப்பாலை. தம் பொருளையும் பிறர் பொருளையும் அவர்கள் ஒப்பக் கருதினர். வாங்குங்கால் மிகுதியாகக் கொள்ளவில்லை. விற்குங்கால் குறைத்துக் கொடுக்கவில்லை. விலையை மறைக்காமற் கூறினர்.

நகரில் வெள்ளிடை மன்றம் என ஓரிடம் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். பொருளின் அளவும் உடையார் பெயரும் எழுதப்பெற்ற பொதிகள் அங்கே வெளியிற் கிடந்தன. வாயிலும் இல்லை, தாழும் இல்லை, காவலரும் இல்லை. எவனேனும் திருடினால், அப்பொதியை அவன் தலையிலேயே ஏற்றி, ஊர் காணச் சுற்றி வரச் செய்யும் ஆற்றல் அம்மன்றத்திற்கு இருந்ததாம். திருட எண்ணினாரும் அதனை நினைந்து நடுங்கினர். பூட்டினும் வலியது ஊரார்முன் எய்தும் நாணம் என்பதே இச்செய்தி உணர்த்தும் உண்மை.

துறைமுகத்தின் சிறப்புக்குப் புறநானூறும் சான்று பகர்கின்றது. பாய் களையாமலும் பாரம் குறைக்காமலும் பெருங்கலங்கள் ஆற்றுமுகத்துட் புகுந்த செய்தியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியுள்ளார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்னும் மேலைநாட்டு அறிஞர் தம் நிலநூலில் கபேரிஸ் என ஒரு வாணிகத் துறையைக் குறித்துள்ளார். அது காவிரிப்பூம்பட்டினமே என ஆராய்ச்சியாளர் கொள்வர்.

இத்தகைய பேரூர் இன்று இல்லை. இந்திர விழா மறக்கப்பட்டமையால் கடல் நகரைக் கொண்டது என மணிமேகலை கூறும். அது காப்பிய மரபு. ஆற்று முகம் மாறுவதும், கடல் கரையை அரிப்பதும், பெரும்புயல் வீசுவதும் இக்கடற்கரையில் என்றும் உள்ளனவே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும் பூம்புகார்க் கரையைத் தாக்கியது.

நூல்களால் மட்டும் அறியப்பட்ட நகரை 1962ஆம் ஆண்டு முதல் மத்திய தொல்லியல் துறையினர் அகழ்ந்து ஆராய்ந்தனர். கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று, படகு பிணிக்கும் மரத்தூண்களுடன் வெளிப்பட்டது. அது கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கணிக்கப்பட்டது. வானகிரியில் நீர்த்தேக்கமும், பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரமும் கிடைத்தன. பின்னர்க் கடலடியிலும் ஆய்வு நிகழ்ந்தது; அலை வந்து மீளும் கரையோரத்தே உறைகிணறுகள் காணப்பட்டன. மக்கள் நன்னீர் முகந்த கிணற்றை இன்று உவர்நீர் மூடியிருத்தல், கடல் எத்துணை முன்னேறியது என்பதைக் காட்டுகின்றது. 1973ஆம் ஆண்டு தமிழக அரசு அங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை எழுப்பியது.

நிலாமுற்றம் போயிற்று, பண்டசாலை போயிற்று, பொற்குழை எறிந்த முற்றமும் போயிற்று. ஓர் ஊரின் செல்வத்தை அலை ஒரு நாளிற் கொண்டு போகலாம். ஆனால் குறையாது அளந்த கையும், தாழின்றிக் கிடந்த பொதியும், வேற்று மொழியாரை அயலாராக எண்ணாத நெஞ்சமும் நூல்களில் நிலைத்து நிற்கின்றன. மருவூர்ப்பாக்கத்தைச் செல்வமுடையதாக்கியவை அவையே. ஆதலின், நாம் வாழும் ஊர் கடற்கரையாயினும் மலைச்சாரலாயினும், அளவில் நேர்மையும் விருந்தினரிடத்து அன்பும் அங்கே உளவாயின், அது மருவூர்ப்பாக்கத்தின் வழித்தோன்றலே ஆகும்.