பழம்பண்ணை வீடும் புதுவிருந்தினரும்

சேலம் நகருக்குத் தென்மேற்கே கஞ்சமலை நிமிர்ந்து நிற்கின்றது. இரும்புத் தாதும் சித்தர் கோயிலும் அம்மலைக்குப் பெயர் தந்தவை. அதனை அடுத்துள்ள சிற்றூர்களுள் ஒன்று இளம்பிள்ளை. சேலை நெசவால் நாடறிந்த ஊர் அது. அங்கே பழைய நெசவாளர் வீடொன்றனுள் நுழைவோர் முதலில் காண்பது கூடத்தையன்று, தறியையே காண்பர். நெய்பவர் காலை ஊன்றி மிதிப்பதற்குரிய குழி தரையிலேயே அமைந்திருக்கும். பாவின் நீளத்திற்கு ஏற்பவே கூடத்தின் நீளமும், ஊடையின் நிறம் தெரியும் அளவிற்கு ஏற்பவே சாளரத்தின் அளவும் அமைந்தன. தறிக்கு வீடு கட்டினார்களேயன்றி வீட்டிற்குள் தறியைக் கொணர்ந்து போட்டார்கள் அல்லர். குழியை மண்ணிட்டு மூடித் தறியை அகற்றிவிட்டால், அவ்வீட்டின் நீளம் ஏன் அவ்வளவு, சாளரம் ஏன் அவ்விடத்தில் என்னும் வினாக்களுக்கு விடை சொல்வார் எவரும் இலர்.

நெசவாளர் வீட்டிற்குச் சொன்னது உழவர் வீட்டிற்கும் பொருந்தும். சேலம், நாமக்கல் பகுதிகளின் சமவெளியில் ஊர் நடுவே அமைந்த வீடும் உண்டு. தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் சாளையும் உண்டு. வசதி படைத்த பண்ணைக் குடும்பத்தார் தொட்டிக்கட்டு வீடு கட்டினர். நடுவில் வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ நாற்புறமும் தாழ்வாரம். வந்தவர் அமர்வதற்கு ஆசாரம். அதற்கப்பால் அறைகளும் அடுக்களையும். ஒரு மூலையில் கம்பும் சோளமும் கொட்டி வைக்கும் குதிர். கூரை நாட்டு ஓட்டால் வேயப்பட்டிருக்கும். ஓட்டைத் தாங்குவன பனங்கைகள். முதிர்ந்த பனையின் வெளிப்புறத்து வைரத்தை அறுத்துச் செய்த கைமரம் தலைமுறைகள் பல தாங்கும். வாயிலுக்கு வெளியே களம். களத்தின் ஓரத்தில் மாட்டுக் கொட்டிலும் ஆட்டுப் பட்டியும். சற்று எட்டத்தில் கிணறு.

கிணறே அவ்வாழ்வின் உயிர்நாடி எனலாம். கவலை இறைத்தலைக் கண்ணாற் கண்டவர் இன்று அரியர். கிணற்றின் மேல் உருளை, அதன்மீது வடம், வடத்தின் நுனியில் சால். சாலின் அடியில் தோலால் ஆகிய தும்பி. அதனை இழுத்துப் பிடிக்க வால்கயிறு. எருதுகள் சரிவான பாதையில் இறங்கிச் செல்லும்போது சால் மேலே வரும். வால்கயிறு இழுபட்டுத் தும்பி தொட்டியில் விழ, நீர் தானே கொட்டி வாய்க்காலில் ஓடும். எருதுகள் பின்னோக்கி ஏறிவர, சால் மீண்டும் கிணற்றுள் இறங்கும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இவ்வாறே நடக்கும். இறைப்பவர் பாடுவார், அப்பாட்டைக் கேட்டே அண்டைத் தோட்டத்தார் பொழுதை அறிவர். பண்ணை வீட்டின் திண்ணை எந்தத் திசை நோக்கியது, கொட்டில் ஏன் கிணற்றுப் பக்கம் அமைந்தது என்பனவெல்லாம் இவ்வுழைப்பின் ஒழுங்கைப் பின்பற்றியவை.

அவ்வொழுங்கு குலைந்த வரலாறு நெடிது; சுருங்கக் கூறுவோம். எண்ணெய்ப் பொறி வந்தது. பின் மின்விசைப் பொறி வந்தது. பின் ஆழ்குழாய்க் கிணறு வந்தது. எருதுகள் குறைந்தன, கொட்டில் வெறுமையாயிற்று. தானியத்திற்குப் பதில் மரவள்ளி பயிராகி நேரே ஆலைக்குச் சென்றமையால் குதிருக்கு வேலையில்லை. மக்கள் கல்வி கற்று நகரம் சேர்ந்தனர். பெரிய வீடு பங்காளிகள் நால்வர்க்கும் ஐவர்க்கும் உரியதாகி, ஓடு மாற்றும் செலவை ஏற்பார் ஒருவரும் இல்லாது போயிற்று. ஓடு ஒன்று நழுவினால் மழைநீர் பனங்கையில் இறங்கும். பனங்கை உளுத்தால் சுவரின் தலை நனையும். தலை நனைந்த மண்சுவர் நெடுநாள் நில்லாது. கதவையும் தூணையும் மட்டும் பெயர்த்து விலைக்குக் கொடுத்துவிட்டு எஞ்சியதை இடிப்பதே பலர் கண்ட வழி. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருக் கடைகளுக்குச் செல்வோர் இத்தகைய வீடுகளின் உறுப்புகளை வரிசையாகக் காணலாம். நிலையும் கதவும் தூணும் அங்கே கிடக்கும்; வீடு மட்டும் இராது.

இடிப்பதற்கும் விற்பதற்கும் மாறாக மூன்றாம் வழி ஒன்று அண்மைக் காலத்தில் தோன்றியது. பழைய இல்லத்தைப் பழுது பார்த்து, வழிச்செல்வோர் பணம் கொடுத்துத் தங்கும் விடுதியாக்குவதே அது. இராசத்தானத்தில் 1464-ஆம் ஆண்டில் எழுந்த நீம்ராணாக் கோட்டை பாழடைந்து கிடந்தது. 1986-இல் அதனை வாங்கியோர் பழுது நீக்கி, 1991-இல் பதினைந்து அறைகளோடு விடுதியாகத் திறந்தனர். தமிழகத்தில், 1620 முதல் 1845 வரை டேனிசுக்காரர் ஆண்ட தரங்கம்பாடியில் கடலோர மாளிகை ஒன்று அவ்வாறே விடுதியாயிற்று. சுவாமிமலைக்கு அருகே திம்மக்குடியில் பழைய ஊர்ப்புற வீடொன்று விருந்தினர் தங்கும் இடமாயிற்று. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்கெனக் கட்டிய இல்லமும், கோத்தமங்கலத்தில் பிரெஞ்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் இருவர் சீரமைத்த இல்லமும் இன்று அயலார் வந்து தங்கும் இடங்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதியை உலக மரபுச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் 2014-இல் இந்தியா சேர்த்தது.

பழுது பார்த்தல் எளிய செயலன்று. தவறாகச் செய்யின் இடிப்பதினும் கேடு. பழைய சுவர் சுண்ணாம்பால் ஆகியது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, நீற்றி, மணலோடு கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைப்பர். அக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று, மீண்டும் கல்லாக மாறுகின்றது. அதனினும் சிறப்பு யாதெனின், அது மூச்சு விடுதல். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுவர் உள்வாங்கி வெளியே விட்டுவிடும். இதனை அறியாதார், வெடிப்பு கண்ட இடத்தில் சிமெண்டை அள்ளிப் பூசுவர். சிமெண்டு ஈரத்தை வெளிவிடாது. உள்ளே அகப்பட்ட ஈரம் மண்ணைக் கரைக்கும். சுவரில் பொதிந்த மரத்தின் நுனியை உளுக்கச் செய்யும். மேலே பார்வைக்கு அழகாக இருக்கும் சுவர் உள்ளே செத்துக்கொண்டிருக்கும். எனவே நல்லறிவு உடையோர் சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்த்தனர். செட்டிநாட்டில் முட்டையின் வெண்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய வெண்சாந்துச் சுவர்கள் இன்றும் கண்ணாடி போல் மின்னுகின்றன. அவ்வேலை தெரிந்த கொத்தர்க்கு விடுதிகளால் மீண்டும் வேலை கிடைத்தது. ஒரு கலை பிழைப்பதற்கு அதனைப் புகழ்வார் மட்டும் போதார். கூலி கொடுப்பாரும் வேண்டும்.

குளியலறை அமைப்பது மற்றொரு சிக்கல். பண்ணை வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் குளியலறை இருந்ததில்லை. வருவோரோ அதனை எதிர்பார்ப்பர். மண்சுவருக்குள் குழாயைப் புதைத்தால் ஒரு கசிவே வீட்டைக் கெடுக்கும். அதனால் நீர்ப்புழக்கம் உள்ள பகுதிகளைக் கொட்டில் இருந்த இடத்திலோ புறக்கடையிலோ புதிதாகக் கட்டி, பழைய சுவரைத் தொடாமல் விடுதல் நலம்.

பண்ணை வீட்டை விருந்தினர்க்குத் திறந்துவிடுதலில் இத்தாலி நாடு கண்ட அனுபவம் நாம் அறியத்தக்கது. அங்கே டஸ்கனி நிலப்பகுதியில் நெடுங்காலம் வார முறை நிலவியது. விளைவில் ஏறத்தாழப் பாதி நில உடையார்க்கு, பாதி உழுதார்க்கு. உழுதவர் குடியிருந்த கல்வீட்டில் கீழ்த்தளம் மாடுகளுக்கு உரியது, மேல்தளத்தில் மக்கள். குளிர்காலத்தில் மாடுகளின் வெப்பம் மேலேறிக் குடும்பத்தாரைக் காக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உழுவோர் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். 1964-இல் இயற்றிய சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. ஆயிரக்கணக்கான கல்வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அவற்றுட் பலவற்றை நகரத்தாரும் அயல்நாட்டாரும் வாங்கி மாளிகையாக்கினர். உழவு அங்கே திரும்பவில்லை.

1985-இல் அந்நாடு இயற்றிய சட்டம் வேறொரு நெறியை வகுத்தது. உழவர் தம் நிலத்திலுள்ள, உழவுக்கு இனித் தேவைப்படாத கட்டடங்களில் விருந்தினரைத் தங்கவைக்கலாம். தம் நிலத்து விளைபொருளை உணவாகப் படைக்கலாம். ஆயின் உழவே முதல் தொழிலாக இருத்தல் வேண்டும்; விருந்தினரைப் பேணுதல் அதற்குத் துணைத் தொழிலாகவே அமைதல் வேண்டும். 2006-இல் அதற்கு மாற்றாக வந்த சட்டமும் அந்நெறியைக் கைவிடவில்லை. இதன் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வயல் இன்றி வீட்டை மட்டும் காப்பது தறியை அகற்றிவிட்டுத் தறிக்கூடத்தைக் காப்பது போன்றது. மாறாக, ஆண்டுதோறும் மழையை நம்பிக் கலங்கும் உழவர்க்கு, விருந்தினர் தரும் பணம் ஓட்டை மாற்றவும் வரப்பைத் திருத்தவும் உதவுமாயின், வீடும் வயலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

இனி, இவ்விடுதிகளைக் குறைகூறுவோர் உளர். அவர்தம் சொல்லையும் புறக்கணித்தல் தகாது. விருந்தோம்பலை விலைக்கு விற்பதா என்பது அவர்களின் முதல் வினா. தமிழகத்தில் வழிச்செல்வோர்க்கு உணவும் இடமும் விலையின்றித் தந்த சத்திரங்கள் பல. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் வழங்கும் சத்திரத்தையும், ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் எழுப்பிய முத்தம்பாள் சத்திரத்தையும் சுட்டி, அறம் செய்த நாட்டில் அறைக்கு வாடகையா என்று அவர்கள் வினவுகின்றனர். ஆனால் அச்சத்திரங்களும் காற்றால் நடந்தவை அல்ல. ஊர்கள் பலவற்றின் விளைவை அவற்றிற்கு விட்டிருந்தனர். இன்று அவ்வருவாய் இல்லை. பங்காளிகள் ஐவர்க்கு உரிய பழைய வீட்டை எவ்வருவாய் கொண்டு காப்பது? வாடகை வாங்குதல் அறமன்று எனக் கூறுவோர், வீடு இடிந்து விழுதல் அறமோ என்பதற்கும் விடை கூறல் வேண்டும்.

இரண்டாம் குறை இதனினும் வலியது. பண்ணை வீடு எல்லார்க்கும் ஒரே வீடாக இருந்ததில்லை. உடையவர் ஆசாரத்தில் அமர்ந்தார். கவலை இறைத்தவரும் களத்தில் போரடித்தவரும் வாயிலுக்கு வெளியே நின்று கூலி பெற்றனர். அவருட் பலர் பிறப்பின் பெயரால் படி ஏறவும் விடப்பட்டாரல்லர். வீட்டுப் பெண்டிரும் முற்றத்திற்கு அப்பாலே வாழ்நாளைக் கழித்தனர். இன்று விடுதியின் சுவரில் உடையவரின் படம் தொங்குகின்றது. இறைத்தவரின் படம் எங்கும் இல்லை. பழமையைக் காக்கின்றோம் என்பார், பாதிப் பழமையைக் காத்துப் பாதியை மறைத்தல் முறையாகாது. இக்குறையை மறுக்க இயலாது, திருத்தவே இயலும். கட்டணம் செலுத்திய எவரும் இன்று அதே ஆசாரத்தில் அமரலாம் என்பது உண்மையே. அஃது ஒரு மாற்றந்தான். எனினும், அவ்வூரார் அங்கே பணியாளராக மட்டும் நுழைவராயின், பழைய வாயிற்படி வேறு உருவில் அங்கேயே நிற்கின்றது எனல் வேண்டும்.

இத்தகைய வீட்டில் ஓர் இரவு தங்குவோர் சிலவற்றை உடலாலேயே உணர்வர். உச்சிப்பொழுதில் வெளியே வெயில் காய்ந்தாலும் தடித்த சுவருக்குள் வெப்பம் எளிதில் புகாது. முற்றத்துச் சூடான காற்று மேலே எழ, தாழ்வாரத்தின் நிழற்காற்று அவ்விடத்தை நிரப்பும். விசிறி இன்றியும் உடல் குளிரும். மழை வந்தால் நாற்புறத்து ஓட்டிலிருந்தும் நீர் முற்றத்தில் கொட்டும் ஒலி உறக்கத்திலும் கேட்கும். அந்நீரை அண்டாக்களில் ஏந்தி வைத்த பெண்டிரின் வேலை அப்போதுதான் நினைவுக்கு வரும். விடியலில் வாயில் தெளித்துக் கோலம் இடப்படும். காலை உணவுக்குக் கம்பங்கூழும் மோரும் தந்தால் உண்பாரும் உளர். தோசை இல்லையோ என்பாரும் உளர்.

உண்டபின் புறக்கடைப் பக்கம் செல்வோர் குடிநீர்க் கிணற்றைக் காண்பர். வாய் மூடிக் கம்பி வலை போட்டிருக்கும். அருகே மின்பொறி ஓடும். வலையின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் கைப்பிடிச் சுவரின் கருங்கல்லில் பள்ளங்கள் தெரியும். விரலை வைத்தால் விரல் அடங்கும் ஆழம். உளி வேலையன்று அது. நாள்தோறும் நீர் சேந்திய கயிறு உராய்ந்து உராய்ந்து கல்லைத் தேய்த்த தடம். அக்கயிற்றைப் பிடித்த கைகள் யாருடையவை என்று விருந்தினர் வினவுவாராயின், விடை சொல்லத்தக்க முதியோர் பெரும்பாலும் விடுதிக்குள் இரார். தெருவின் மறுகோடியில் இருப்பர்.