இரண்டு செயலி, இரண்டு கலோரிக் கணக்கு

கேள்வி: வயது 42, உயரம் 158 செ.மீ., எடை 68 கிலோ. ஓய்வில் இருந்தாலே ஒரு நாளில் 1,401 கலோரி செலவாகும் என்கிறது ஒரு செயலி. இன்னொன்றில் 1,297. எதை நம்பிச் சாப்பாட்டைத் திட்டமிடுவது?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டு செயலியுமே கணக்கில் பிசகவில்லை. வைத்திருக்கும் சூத்திரம்தான் வேறு வேறு.

1,401 என்பது ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1919-இல் வெளியிட்ட சூத்திரத்தின் விடை. அதற்காக அளக்கப்பட்டவர்கள் 136 ஆண்கள், 103 பெண்கள். 1,297 என்பது 1990-இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் தருவது. அதற்கு அடிப்படை 498 பேர். பருமனானவர்களும் அதில் கணிசமாக இருந்தார்கள். இதைத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். எடையை 10-ஆல் பெருக்கினால் 680, உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 987.5. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கான 210-ஐக் கழிக்க வேண்டும். பெண் என்பதால் மேலும் 161 கழியும். ஆணாக இருந்தால் 161-ஐக் கழிப்பதற்குப் பதில் 5 கூட்டுவார்கள்.

அமெரிக்க உணவியல் சங்கத்தின் 2005-ஆம் ஆண்டு மதிப்பாய்வில், நேரடி அளவுக்குப் பத்து சதவீதத்துக்குள் அதிகம் பேருக்குப் பொருந்தி வந்தது மிஃப்ளின் சூத்திரம்தான். ஆகவே 1,297-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதுவும் சராசரிதான். ஒரே எடை, உயரம், வயது உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குத் தசை அதிகம், மற்றவருக்குக் கொழுப்பு அதிகம் என்றால் சூத்திரத்துக்கு அது தெரியாது.

யாரை அளந்தார்கள் என்பதும் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 1985-இல் ஏற்ற ஸ்கோஃபீல்டு சூத்திரங்களின் தரவில் ஏறத்தாழ பாதி இத்தாலியர்களுடையது. இந்தியர்களுக்கு அந்தச் சூத்திரங்கள் கூடுதலாகவே கணக்குக் காட்டுவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன. இத்தாலியத் தரவை நீக்கி, வெப்பமண்டல மக்களையும் சேர்த்து 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டு சூத்திரங்கள் உருவானது அதனால்தான்.

துல்லியம் வேண்டுமென்றால், வெறும் வயிற்றில் அசையாமல் படுத்திருப்பவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் கருவி கொண்டு அளக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இது நடக்கிறது. எடை குறைக்க நினைப்பவருக்கு இது அவசியமில்லை.

உண்மையில் இரண்டு செயலிக்கும் இடையே உள்ள 104 கலோரி வித்தியாசம், ஏறக்குறைய ஒரு சப்பாத்தி. பெரிய இடறல் அடுத்த படியில் வருகிறது.

1,297 என்பது நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் ஆகும் செலவு. அதையே சாப்பாட்டு அளவாகக் கொள்ளக் கூடாது. உழைப்புக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் தரும் கணக்கில், உடலுழைப்புக் குறைந்த வாழ்க்கைக்கு அந்த எண் 1.40 முதல் 1.69 வரை. விடை 1,816-ஆகவும் இருக்கலாம், 2,192-ஆகவும் இருக்கலாம். ஒரே வகைக்குள்ளேயே 376 கலோரி வித்தியாசம்!

பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை என்றால் 1,816-இல் தொடங்கலாம். மூன்று வாரம் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து, வாரச் சராசரியைக் குறித்து வந்தால், எடை நிலையாக நிற்கிறதா, ஏறுகிறதா என்பது தெரியும். அதன்படி 100 கலோரி கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். கர்ப்பிணிகளும் தைராய்டு சிக்கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும்.