சங்கத்து ஆக்களுக்கும் தெரியக்கூடாதவை

அன்பின் தங்கச்சிக்கு,

குருநகர்க் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றுக்காக நீர் செய்துவரும் முறைப்பாட்டு மென்பொருளை முழுக்கப் பார்த்தேன். தொலைபேசியில் வருவதைப் பதிந்து, இலக்கம் கொடுத்து, ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, முடிந்ததும் மீனவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிற வழி நன்றாக அமைந்திருக்கிறது. ஒரே ஒரு விடயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். கடவுச்சொல் உள்ள எவரும் எந்த முறைப்பாட்டையும் திறந்து பார்க்கலாம் என்று விட்டிருக்கிறீர். பக்கத்தில் "எல்லாரும் சங்கத்து ஆக்கள்தானே" என்று ஒரு குறிப்பு. அவர்கள் சங்கத்து ஆக்கள் என்பதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குருநகரில் நண்டு வலை போடுகிறவர்களும் உண்டு, இழுவைமடித் தொழில் செய்கிறவர்களும் உண்டு. 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தபோது அது எங்கள் படகுகளுக்கும் சேர்த்துப் போட்ட தடை. ஆகவே உமக்கு வரும் முறைப்பாடுகளில் சில தமிழ்நாட்டு றோலர் வலையை அறுத்ததைப் பற்றி இருக்கும். வேறு சில, யாகப்பர் கோயிலில் பக்கத்து வாங்கில் இருந்து பூசை காண்கிறவரைப் பற்றி இருக்கும். முதல் வகையை ஊரே பார்க்கட்டும், ஒருவருக்கும் நட்டமில்லை. இரண்டாம் வகை வெளியே தெரிந்தால், சொன்னவரின் வலை அடுத்த வாரமே அறுபடலாம்.

பெயரை மறைத்தால் போதாதா என்று கேட்பீர். இப்படி ஒரு பதிவை எண்ணிப் பாரும்: "பாசையூர்ப் பக்கம், இரவு இரண்டு மணி, நீல நிறப் படகு, எட்டுத் துண்டு நண்டு வலை போய்விட்டது." இதில் பெயரும் இல்லை, தொலைபேசி இலக்கமும் இல்லை. ஆனால் அன்றிரவு அந்தப் பக்கம் வலை விட்டவர் யார், காலையில் வெறுங்கையோடு கரைக்கு வந்தவர் யார் என்று இறங்குதுறையில் நிற்கிற எவருக்கும் தெரியும். கொழும்பில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். குருநகரில் மறையமாட்டார். அதனால் பதிவில் எந்தப் பெட்டியை மறைப்பது என்று மெனக்கெடாமல், முழுப் பதிவையும் யார் பார்க்கலாம் என்பதை முதலில் தீர்மானியும்.

ஒரு தேவைக்கு எழுதிய பட்டியல் வேறு கைக்குப் போவது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததைப் பலர் கண்டு சொல்லியிருக்கிறார்கள். வாக்குப்போடுவதற்கென்று எழுதப்பட்ட பட்டியல் அது. பிறகு போர்க்காலத்தில் கடலுக்குப் போவதற்கே பாஸ் எடுத்து, பெயர் பதிந்து, திரும்பி வந்ததும் கணக்குச் சொன்ன தலைமுறை இன்னும் குருநகரில் இருக்கிறது. அவர்கள் உம்மை நம்பித் தொலைபேசி எடுக்கிறார்கள் என்றால் அது பெரிய விடயம்.

இனி வேலைக்கு வருவோம். திரையில் பொத்தானை ஒளிப்பதைப் பாதுகாப்பு என்று எடுக்கவேண்டாம். 2019இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத்தில் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் வெளியே தெரிந்தன. இணைப்பில் இருந்த இலக்கத்தை மாற்றினாலே அடுத்தவரின் வீட்டுக்கடன் பத்திரம் திறந்தது, கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. உமது மென்பொருளிலும் முறைப்பாடுகளுக்கு வரிசை இலக்கம்தான். முகவரியில் 214ஐ 215 ஆக்கிப் பாரும், என்ன திறக்கிறது என்று.

நீர் பாவிப்பது போஸ்ட்கிரெஸ். பயனர் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்று தரவுத்தளத்திலேயே விதி எழுதும் வசதி 2016இல் வந்த 9.5 பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. அந்த வசதியை இயக்கிவிட்டு ஒரு விதியும் எழுதாவிட்டால் சாதாரணப் பயனருக்கு ஒரு வரிசைகூடத் தெரியாது. அங்கேயிருந்துதான் தொடங்கவேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் திறவும்: பதிந்தவருக்கு அவர் பதிந்தது, பொறுப்பாளருக்கு அவரிடம் ஒப்படைத்தது. சங்கத் தலைவருக்கு எல்லாம் தெரியவேண்டும் என்று உம்மை நெருக்குவார்கள். முறைப்பாடு அவருடைய உறவினர் படகைப் பற்றியதாகவும் இருக்கலாம், ஆகவே பதவியைப் பார்த்துக் கொடுக்காமல் அந்த முறைப்பாட்டில் அவருக்கு என்ன வேலை என்று பார்த்துக் கொடும்.

விதியை எழுதியதோடு முடிந்துவிடாது. அட்டவணையின் உரிமையாளருக்கு இந்த விதிகள் தாமாகப் பொருந்தா, 'ஃபோர்ஸ்' என்று தனியாகச் சொல்லவேண்டும். சுப்பர் யூசருக்கு அதுவும் பொருந்தாது. உமது செயலி உரிமையாளர் கணக்கிலேயே தரவுத்தளத்துக்குள் நுழைகிறதை அமைப்புக் கோப்பில் கண்டேன். இப்படியே விட்டால் நீர் எழுதப்போகும் விதி ஒன்றும் வேலை செய்யாது. அதற்கென அதிகாரம் குறைந்த ஒரு கணக்கை உண்டாக்கும். இன்னொன்று: ஒரே இணைப்பைப் பல பயனர் மாறிமாறிப் பாவிக்கிறார்கள். இப்போது உள்ளே இருப்பவர் யார் என்பதை அந்தப் பரிவர்த்தனைக்குள் மட்டும் நிற்கும்படி பதியும். இல்லாவிட்டால் முந்தியவரின் அடையாளத்தோடு அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். பரிசோதனை மேசையில் இது அகப்படாது, நாலு பேர் ஒன்றாக வேலை செய்யும் காலையில்தான் தெரியவரும்.

கசிவு வேறு வாசல்களாலும் வரும். முறைப்பாட்டு அட்டவணையில் தேசிய அடையாள அட்டை இலக்கம் இரண்டு முறை வரக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறீர். இந்தச் சோதனை வரிசை விதிகளைப் பார்க்காது. ஒருவர் அயலவரின் இலக்கத்தைப் போட்டுப் புதுப்பதிவு செய்யப் பார்த்து, "ஏற்கனவே உள்ளது" என்ற செய்தி வந்தால், அயலவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார் என்று அவருக்கு உறுதியாகிவிடும். மாத அறிக்கையில் "பாசையூர்: 1" என்று வருவதும் அப்படித்தான். எக்செல் கோப்பாக இறக்கும் பொத்தான், மின்னஞ்சல் அறிவித்தல், பென்டிரைவில் எடுத்து வைக்கிற பிரதி எல்லாவற்றையும் இதே கண்ணோடு பாரும். குறிப்பாக அந்தப் பென்டிரைவை.

அதற்காக எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டச் சொல்லவில்லை. பொறுப்பாளர் காய்ச்சலில் படுத்திருக்கும்போது, கடலில் படகு பழுதாகி நிற்கிறது என்று வந்த முறைப்பாட்டை ஒருவரும் திறக்கமுடியாமல் போனால், அந்தப் பூட்டு ஒரு உயிரைக் கொன்றுவிடும். ஆபத்து முறைப்பாடுகளைத் தனி வகையாக்கி, கடமையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியவிடும். மற்றவற்றுக்கு அவசரத் திறப்பு ஒன்று வையும்: காரணத்தை எழுதினால்தான் திறக்கவேண்டும், திறந்தவர் யார் என்பது அழிக்கமுடியாதபடி பதிவாகவேண்டும், பொறுப்பாளருக்கு உடனே செய்தி போகவேண்டும். முறைப்பாடு கொடுத்தவர் தன் பதிவைத் தான் பார்க்கவும் வழி வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை அவருடைய உரிமை என்று சொல்கிறது.

இரண்டு பயனர் கணக்கு வைத்து, ஒருவராக நுழைந்து மற்றவரின் பதிவைத் திறக்க முயல்கிற சோதனையை எழுதி, மென்பொருளை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓடவிடும். முடிந்த முறைப்பாடுகளை எத்தனை மாதம் வைத்திருப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை நீரோ நானோ தீர்மானிக்கக்கூடாது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் வலை போடுகிறவர்களிடமே கேளும், அவர்கள் சொல்கிற காலத்தை மென்பொருளில் போடும்.

அன்புடன்,
அண்ணன்