இலையைப் போல் ஒரு நத்தை

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கானடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை, ஆங்காங்கே உவர்ச் சதுப்பு நிலங்கள் உள்ளன. கடல்நீர் ஓதத்தின்போது உள்ளே ஏறும். வடியும்போது ஆழமற்ற குட்டைகளை விட்டுச் செல்லும். அக்குட்டைகளில் பச்சை இலை ஒன்று கிடப்பதுபோல் தோன்றும். தொட்டால் சுருங்கும், மெல்ல ஊர்ந்தும் போகும்! எலீசியா குளோரோட்டிக்கா என்னும் பிராணி அது. ஓடில்லாத கடல்நத்தை, பெரும்பாலும் 2, 3 செ.மீ. நீளமே இருக்கும். (நம் மன்னார் வளைகுடாவின் கடலட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நட்சத்திர மீனுக்கு உறவு.)

மழை பெய்தால் குட்டை நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். வெயிலில் வற்றினால் உப்பு கடல்நீரைப்போல் இரு மடங்கையும் தாண்டும். இரண்டையும் இந்த நத்தை தாங்கிக்கொள்கிறது.

இதன் உணவு வாச்சீரியா என்ற பாசி. நூல் போன்ற அப்பாசியில் குறுக்குச் சுவர்கள் இல்லை. அது ஒரே நீண்ட குழாய். நத்தை தன் கூரிய பல்லால் ஒரு துளையிட்டு, நாம் இளநீரை உறிஞ்சுவதுபோல் உள்ளிருப்பதை உறிஞ்சுகிறது. மற்றவை செரித்துப்போகும். பசுங்கணிகங்கள் மட்டும் செரிப்பதில்லை! அவை குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் தங்கிவிடுகின்றன. குடல் கிளைவிட்டு உடலெங்கும் பரவியிருப்பதால் நத்தை முழுவதும் பச்சையாகிறது. பாசியைத் தின்னாத குஞ்சோ பழுப்பு நிறம்தான்.

ஆய்வுக்கூடத் தொட்டியில் பாசியே கொடுக்காமல், வெளிச்சம் மட்டும் காட்டி வளர்த்தபோது இந்நத்தைகள் 9, 10 மாதங்கள் உயிரோடிருந்தன. அப்படியானால் அவை வெளிச்சத்தைக் கொண்டே வாழ்கின்றனவா?

அவசரப்படக் கூடாது. இலையில் ஒளிச்சேர்க்கையைச் சோதிக்கும்போது ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடுகிறோம் அல்லவா? மூடாத பகுதி மட்டும் இருந்தால் எதனோடு ஒப்பிடுவது? நான் பௌதிகம் கற்பிப்பவன். ஒப்பீடு இல்லாத சோதனையை மாணவர் குறிப்பேட்டில் கண்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பசுங்கணிகம் சேமிக்கும் வேறு இரு நத்தை இனங்களைப் பல வாரங்கள் இருட்டில் பட்டினி போட்டார்கள். அவையும் பிழைத்திருந்தன, வெளிச்சத்தில் இருந்தவற்றுக்கும் அவற்றுக்கும் எடை குறைவதில் பெரிய வித்தியாசமில்லை!

அதற்காக வெளிச்சம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. கதிரியக்கக் கார்பன் கொண்டு செய்த சோதனைகளில், வெளிச்சத்தில் நத்தையின் உடலில் கார்பன் சேர்வது தெரிந்திருக்கிறது. அது முழு உணவா, சிறு உதவியா, அல்லது கணிகங்களே பஞ்சகாலத்துக்கு வைத்த சேமிப்பா என்பதில்தான் சர்ச்சை.

இன்னொரு புதிர். பசுங்கணிகம் வெளிச்சத்தால் ஓயாமல் பழுதடையும். அதைச் சீர்செய்யும் புரதங்கள் பலவற்றின் ஜீன்கள் பாசியின் உட்கருவில் உள்ளன. உட்கருவோ செரித்துவிட்டது! பாசியின் ஜீன் ஒன்று நத்தையின் மரபுப் பொருளுக்கே இடம் மாறிவிட்டது என்று 2008-இல் ஓர் ஆய்வு கூறியது. உண்மையானால் அந்த ஜீன் முட்டையிலும் இருக்க வேண்டும். 2013-இல் முட்டைகளின் மரபுப் பொருளை ஆராய்ந்தார்கள். அத்தகைய இடமாற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. இந்தப் பாசியின் கணிகம், பழுது நீக்கும் ஜீன்கள் சிலவற்றைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது ஒரு காரணமாகலாம்.

வசந்த காலத்தில் முட்டையிட்டபின் பெரிய நத்தைகள் மடிந்துவிடும். முட்டைகளுக்குள் பசுங்கணிகம் ஒன்றுகூடப் போவதில்லை. நீந்தித் திரியும் இளம் புழுக்கள் வாச்சீரியாவைக் கண்டால்தான் நத்தையாக உருமாறும். பிறகு ஒவ்வொன்றும் தனக்கான பச்சையைத் தானே உறிஞ்சி எடுக்க வேண்டும்.