மூடாத கண் எங்கிருந்து வந்தது?

கேள்வி: 'தி ஹிட்ச்-ஹைக்கர்' என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், லிஃப்ட் கேட்டுக் காரில் ஏறும் வில்லனுக்குத் தூக்கத்திலும் ஒரு கண் மூடாது. இந்த யோசனை யாருடையது?
- வாசகர், கரூர்

பதில்: யாரும் யோசித்ததல்ல, நிஜம். அமெரிக்கக் கொலைகாரன் பில்லி குக்குக்கு வலது இமை சரியாக மூடாது. லிஃப்ட் கேட்டுக் கார்களில் ஏறி, 1950 கடைசியிலும் 1951 தொடக்கத்திலும் ஆறு பேரைக் கொன்றான். அதில் ஐந்து பேர் ஒரே குடும்பம். பிறகு இரண்டு பேரைத் துப்பாக்கி முனையில் மெக்சிகோவுக்குள் ஓட்டிப்போகச் சொன்னான். அங்கேதான் பிடிபட்டான். 1952 டிசம்பரில் மரண தண்டனை நிறைவேறியது. சில மாதங்களில், 1953இல், படம் திரைக்கு வந்துவிட்டது.

இயக்கியவர் ஐடா லூபினோ. நடிகையாகப் பெயர் வாங்கிய பிறகு இயக்கத்துக்கு வந்தவர். பிணையாகச் சிக்கி மீண்ட இருவரிடமும் நேரில் பேசிவிட்டுத்தான் திரைக்கதை எழுதினார். ஹாலிவுட் தணிக்கையோ நிஜக் குற்றவாளியைத் திரையில் காட்டக் கூடாது என்றது. குக், எம்மெட் மையர்ஸ் ஆனான். ஆறு கொலை மூன்றானது. கண்ணை மட்டும் லூபினோ விடவில்லை. இரவு, பாலைவனம், போர்வைக்குள் இரண்டு கைதிகள். எதிரே துப்பாக்கியோடு படுத்திருப்பவன் தூங்குகிறானா, பார்க்கிறானா? ஓடுவதா, வேண்டாமா? வேறு எந்த வித்தையும் தேவைப்படவில்லை.

கேள்வி: 'தி ஹிட்ச்-ஹைக்கர்' படத்தில் ஸ்பானிய வசனங்களுக்கு ஏன் சப்டைட்டில் இல்லை?
- வாசகர், தென்காசி

பதில்: இல்லாததுதான் அழகு. கைதிகளில் ஒருவனுக்கு ஸ்பானிஷ் தெரியும், மையர்ஸுக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கைதி பேசத் தொடங்கியதும், இங்கிலீஷில் பேசச் சொல்லி எரிந்து விழுகிறான். துப்பாக்கி வைத்திருப்பவனே பயப்படும் இடம் இது. மொழி தெரியாத நாமும் அந்த நேரத்துக்கு அவன் கட்சியாகி, என்ன பேசுகிறார்கள் என்று தவிக்கிறோம். மெக்சிகோ போலீஸ்காரர்களும் கோமாளிகளாக இல்லாமல், தங்கள் மொழியில் பேசி, ஒழுங்காகத் துப்பு துலக்குகிறார்கள். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இது அபூர்வம்.

1998இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்த படம். ஓடுவது 71 நிமிடம்தான். ஒளிப்பதிவாளர் நிக்கலஸ் முசுராகா, பின் இருக்கை இருட்டிலிருந்து மையர்ஸின் முகத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் அந்த ஒரு ஷாட்டுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.