கிற்றார் பயில்வார்க்குத் தாளமும் தொடரும்

சுருதியைத் தாயென்றும் இலயத்தைத் தந்தையென்றும் போற்றுதல் நம்மவர் வழக்கு. வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த எம் பெரியகல்லாற்றிலும் இந்நாளில் இளைஞர் கிற்றார் பயில்கின்றனர். பாட்டின் நடுவே தனித்து நின்று இசைக்கும் ‘லீட் கிற்றார்’ மீதே அவர்க்கு வேட்கை மிகுதி. விரல் வேகத்திற் குறைவில்லை. ஆயின் தாளம் முந்துகின்றது. தொடங்கிய இசை எங்கே முடிந்ததென்பதும் புலனாவதில்லை. உடன் பாடுவோனும் மேளம் அடிப்போனும் இடர்ப்படுகின்றனர். இக்குறைக்கு மருந்து நம் நாட்டிலேயே உண்டு.

மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களைப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டை வாயாற் சொல்வார், மத்தளத்தில் வாசிப்பார், சல்லரி காலங்காட்டும், அதற்கிசையவே மாணவன் கால் மிதிக்கும். சொல் முன், செயல் பின் என்னும் இம்முறை கிற்றாருக்கும் பொருந்தும்.

முதலிற் காலம். மெட்ரோநோம் என்னும் காலங்காட்டும் கருவி இன்று கைப்பேசியிலும் கிடைக்கின்றது. அதனை நிமிடத்துக்கு 60 தட்டாக அமைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ‘தகதிமி’ என நான்கும், பின்னர் ‘தகிட’ என மூன்றும் வாயாற் கூறுக. வாய் வழுவாத பின்னரே ஒரே சுரத்தை அக்கணக்கில் மீட்டுக. அது கைவந்ததும் கருவியை 30 தட்டாக்கி, வாசிக்கும் வேகத்தை மாற்றாதிருக்க. இடையே மறைந்த தட்டை உள்ளமே எண்ணும். தாளம் அப்போதுதான் நமதாகும். மட்டக்களப்புப் பறங்கியரின் காபிரிஞ்ஞா ஆட்டத்தின் ஆறெட்டு நடையும் ‘தகிட தகிட’ என்னும் கணக்கே.

அடுத்தது தொடர். செய்யுளைச் சீர் பிரித்து, நிறுத்துமிடத்தில் நிறுத்திப் படித்தாலன்றிப் பொருள் விளங்குமா? இசையும் அத்தகையதே. நாகசுரக் கலைஞர் மூச்சு வாங்குமிடத்தில் ஓசை தானே நிற்கும். கிற்றாருக்கோ மூச்சில்லை, வாசிப்போனே தன் மூச்சை அதற்கு ஈதல் வேண்டும். ஆதலின் ஒரு தொடரை ஒரே மூச்சிற் பாடுக. பாடியதை மட்டும் வாசிக்க. நான்கெண்ணிக்கை வட்டங்கள் இரண்டில் வாசித்து, அடுத்த இரண்டில் எண்ணிக்கொண்டே வாளாவிருக்க. முதற்றொடர் வினாவாகவும், அடுத்தது விடையாகவும் அமையட்டும். எப்போதும் முதற்றட்டிலேயே தொடங்குதல் வேண்டா. தட்டுக்குப் பின் தொடங்கும் அனாகத எடுப்பும், முன் தொடங்கும் அதீத எடுப்பும் நம் இசைமரபு அறிந்தவையே.

தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்துங்கால், அது சேர வேண்டிய சுரத்தையும் தட்டையும் ஒருங்கே அடைதல் வேண்டும். வீணையிற் கமகம் பிறப்பிப்பாரைக் கூர்ந்து கேட்டால் இதன் நுட்பம் தெளிவாகும். ஆங்கிலேயரான ஜோன் மெக்லாக்லின், கிற்றாரிற் புகழ் பெற்ற பின்னரும், 1970களில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். விநாயக்ராமின் கடமும் சாகிர் உசேனின் தபேலாவும் இணைந்த ‘சக்தி’ குழுவையும் அமைத்தார். கடல்கடந்து வந்தோர் நாடிக் கற்றதை வீட்டு முற்றத்தில் வைத்திருக்கும் நாம் புறக்கணித்தல் தகுமோ?

மாணவர்காள், நாளும் அரைமணி நேரம் இவ்வாறு பயில்க. வாரம் ஒருமுறை உம் வாசிப்பைப் பதிவுசெய்து, கிற்றாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க. முந்திய இடமும் மூச்சற்ற இடமும் உமக்கே தோன்றும். அவற்றைத் திருத்துக, வேகம் பின்னர்த் தானே வந்தடையும்.